தஞ்சாவூர் பெயிண்டிங்ல கண்ணாடி ஒட்டிக்கிச்சு, என்ன பண்றது?

கேள்வி: பாட்டி வீட்டு கிருஷ்ணர் படம். போன மழைக்கு அப்புறம் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை, கன்னத்துகிட்ட கண்ணாடியும் ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. ஈரத்துணில துடைச்சுட்டு புது ஃப்ரேம் போட்டுறலாமா?

பதில் 1: ஐயோ, தண்ணி படவே கூடாதுங்க! படத்துல நகை, தூண்னு மேடா தெரியறதெல்லாம் சாக்பவுடரும் கோந்தும்தான், ஊறுனா தங்க ரேக்கோட பேத்துக்கிட்டு வந்துடும்.

பதில் 2: கண்ணாடிய நீங்களா இழுக்காதீங்க, பழைய படம் சரிபண்றவங்ககிட்ட குடுங்க. புது ஃப்ரேம்ல கண்ணாடி படத்துல படாம நடுவுல சட்டம் வெச்சு கால் இஞ்ச் இடைவெளி விடச் சொல்லுங்க, எனக்கு கடைக்காரர் அதெல்லாம் வேணாம்னு அடிச்சு குடுத்தாரு, திரும்ப காசு குடுத்து பிரிச்சேன்.

பதில் 3: எந்த சுவத்துல மாட்டிருக்கீங்க? பின்னாடி பாத்ரூம்னா சுவத்து ஈரம் படத்துல ஏறும், ஃப்ரேம் மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

கேட்டவர்: அட, பாத்ரூம் சுவரேதான்!