வராத பொருளுக்குப் பெற்றதாகச் சான்றளிக்கச் சொல்கிறார்கள்: முறைப்படி யாரிடம் தெரிவிப்பது?

கேள்வி: பண்டகப் பிரிவு ஊழியர்

வணக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பண்டகப் பிரிவில் பணியாற்றுகிறேன். மார்ச் 31க்குள் ஒதுக்கீட்டைச் செலவிட்டாக வேண்டும் என்பதால், இன்னும் வந்து சேராத கணினிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, விலைப்பட்டியலின் (பில்) பின்புறம் 'சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிடுமாறு பிரிவு அலுவலர் வாய்மொழியாகச் சொல்கிறார். ஏப்ரல் முதல் வாரத்தில் பொருள் கட்டாயம் வந்துவிடும் என்றும் ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கிறது என்றும் விளக்கம் தருகிறார். அவர் பணம் வாங்கினார் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் நான் இடப்போகும் கையொப்பம் பொய்யானது. அலுவலகத் தலைவரிடம் சொல்வதா, நேரடியாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதுவதா என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தணிக்கையர்

அன்பரே, ஆணையத்துக்கு எழுதுவதற்கு முன் உங்கள் மேசையிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964இன் 3ஆம் விதியைப் பாருங்கள். மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால், உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கீழே இருப்பவரும் அந்த உறுதியைக் கேட்டுப் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. எனவே எழுத்தில் கேட்பதைக் கீழ்ப்படியாமை என்று யாரும் கொள்ள முடியாது.

பொது நிதி விதிகள், 2017இன்படி, பொருளை எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பெற்றுக்கொண்டதற்கான சான்று தர வேண்டும். ஆண்டு இறுதியில் அவசரமாகச் செலவழிப்பதே நிதி ஒழுங்குக்கு முரணானது என்றும் அதே விதிகள் கூறுகின்றன. 'பொருள்தான் வந்துவிடுமே, இதில் யாருக்கு என்ன நட்டம்' என்ற கேள்வியைத் தணிக்கையில் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். நட்டம் உண்டு. மார்ச்சிலேயே வந்துவிட்டதாக நீங்கள் சான்றளித்தால், தாமதத்துக்காக ஒப்பந்தக்காரரிடம் பிடிக்க வேண்டிய தொகையைப் பிடிக்க முடியாது. உத்தரவாதக் காலமும் பெட்டி பிரிக்கப்படுவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். பணம் கைக்கு வந்தபின் ஒப்பந்தக்காரர் பொருளை அனுப்பாமலே இருந்துவிட்டால், பதிவேட்டில் இருக்கும் கையொப்பம் உங்களுடையது மட்டுமே. செலவாகாத தொகையை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கேட்பதே நேரான வழி.

பதில் 2: தலைமை எழுத்தர், மதுரை

ஐயா சொல்லும் விதிகளை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் கேட்ட ஊழியரை மறுமாதமே வேறு ஊருக்கு மாற்றுவதும், ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. பணி ஒழுக்கம் என்ற சுமையைக் கடைசி நாற்காலியில் இருப்பவர் தலையில் மட்டும் இறக்கி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை; ஒதுக்கீட்டை மார்ச் வரை தேக்கி வைத்த அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மதிப்பீட்டு அறிக்கையை ஊழியரிடம் முழுமையாகக் காட்டியாக வேண்டும். அதன்மேல் 15 நாட்களுக்குள் முறையிடலாம். இந்த உரிமையை மறந்துவிடாதீர்கள். சமூக ஊடகத்திலோ நிருபரிடமோ கோப்பின் படத்தைக் கொடுத்துவிட வேண்டாம். அனுமதியின்றி அலுவலகத் தகவலை வெளியிடுவது அதே நடத்தை விதிகளை மீறுவதாகும். பிறகு கணினிகளை விட்டுவிட்டு உங்களைத்தான் விசாரிப்பார்கள்.

பதில் 3: கண்காணிப்புப் பிரிவில் பணியாற்றியவர்

உள்வழி அடைபட்டால், துறைக்குள் ஊழல் புகார்களைக் கவனிக்கும் முதன்மைக் கண்காணிப்பு அலுவலருக்கு எழுதலாம். பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால், 2004ஆம் ஆண்டின் பொதுநல வெளிப்பாடு மற்றும் தகவல் அளிப்போர் பாதுகாப்புத் தீர்மானத்தின்கீழ் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். உறையை ஒட்டி, இத்தீர்மானத்தின்கீழ் வரும் புகார் என்று அதன்மேல் குறிக்க வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உறைமீது இல்லாமல் உள்ளே கடிதத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாக் கடிதத்தை இதன்கீழ் ஏற்பதில்லை.

இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று கேட்பவர்கள் சத்யேந்திர துபேவை நினைத்துப் பார்க்க வேண்டும். நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அந்தப் பொறியாளர் 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே இத்தீர்மானம் வந்தது. 2014இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டும் அது நடைமுறைக்கு வராதிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 'பொருட்கள் வரப்பெறவில்லை, இந்த மோசடிக்கு நான் உடன்பட இயலாது, தக்க ஆணை வேண்டப்படுகிறது' என்று கோப்பில் குறிப்பு வைக்க எண்ணுகிறேன். சரிதானா?

பதில் 1: ஓய்வுபெற்ற தணிக்கையர்

'மோசடி' என்று தொடங்கும் பகுதியை எடுத்துவிடுங்கள். அதை முடிவு செய்வது உங்கள் வேலையன்று. கொள்முதல் ஆணையின் எண், நாள், பட்டியல் எண் ஆகியவற்றைக் குறித்து, இன்ன தேதிவரை பொருள் வரவில்லை, எனவே பெற்றுக்கொண்ட சான்று வழங்க இயலவில்லை என்று மட்டும் எழுதுங்கள். தேதியிட்டுக் கையொப்பமிட்டு, கோப்பைப் பிரிவு அலுவலர் வழியாகவே அலுவலகத் தலைவருக்கு அனுப்புங்கள். பிரிவு அலுவலரைத் தாண்டிப் போக வேண்டாம்.