கையில் 50,000, காலையில் இரண்டு மணி நேரம்: இன்ட்ராடே ஆரம்பிக்கலாமா?

ஒண்டிப்புதூர் பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்தான். காலை ஏழு, ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், வந்தவுடன் தூக்கம் வராது, பதினொரு மணி வரை சும்மா போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்யலாம், பங்கு வாங்கி விற்கலாம் என்று டீமேட் கணக்கு தொடங்கிவிட்டேன்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது மாதம். ஆறாவது மாதமே தள்ளி எடுத்தேன், தள்ளு போக 80,000 கைக்கு வந்தது. 30,000 அம்மாவின் பல் வைத்தியத்துக்குப் போய்விட்டது. மீதி 50,000 அப்படியே இருக்கிறது. அடுத்த ஜூனில் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் 40,000 கட்ட வேண்டும், அதற்குள் இதைக் கொஞ்சம் பெருக்கிவிடலாம் என்று ஆசை. நாளுக்கு 500 ரூபாய் வந்தால் போதும், அதற்கு மேல் எனக்கு வேண்டாம்.

ஆப்பில் ஐந்து மடங்கு மார்ஜின், அதாவது கையில் இருக்கும் பணத்தைப் போல ஐந்து மடங்குக்குப் பங்கு வாங்கும் வசதி தருவதாகக் காட்டுகிறது, அதைப் பயன்படுத்தலாமா? அன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடே நல்லதா, நாலு நாள் வைத்திருந்து விற்பது நல்லதா? கூட வேலை செய்யும் ஒருவர் டெலிகிராம் குரூப் ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார், தினமும் இரண்டு பங்கு சொல்கிறார்கள், மாதம் 3,000 கட்டினால் "பிரீமியம்" என்கிறார்கள். கட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு டெர்மினல்:

தம்பி, சப் புரோக்கர் ஆபீஸில் பல வருடம் ஆர்டர் போட்டவன் என்பதால் செலவுக் கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் யூடியூபில் சார்ட் காட்டுகிறவர்கள் தொடாத இடம் அதுதான்.

500 ரூபாய்ப் பங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 50,000-ஐ ஐந்து மடங்காக்கி 2,50,000-க்கு 500 பங்கு வாங்குகிறீர்கள். 501-க்கு விற்றுவிட்டீர்கள். திரையில் 500 ரூபாய் லாபம் என்று பச்சையில் தெரியும். இப்போது புரோக்கர் அனுப்பும் பில்லான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பாருங்கள். குறைந்த கட்டணம் வாங்கும் டிஸ்கவுண்ட் புரோக்கர் என்றால் புரோக்கரேஜ் வாங்க 20, விற்க 20, ஆக 40. விற்ற தொகையில் 0.025 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அது 63 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து 15 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். முத்திரைத்தாள் வரி வாங்கும்போது 7.50. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு பத்து ரூபாய். மொத்தம் 136 ரூபாய் சுமாராக. அதாவது 500-ல் உங்களுக்கு 364. பங்கு 27 பைசா ஏறினால்தான் போட்ட காசே திரும்பும்.

நாளுக்கு இப்படி இரண்டு ட்ரேட், மாதம் 20 நாள் என்றால் 5,400 ரூபாய்க்கு மேல் செலவு மட்டும். லாபமோ நஷ்டமோ, முதலில் உங்கள் 50,000-ல் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். நாளுக்கு 500 என்பது உங்கள் பணத்துக்கு ஒரு சதவீதம், கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு 240 நாள் சந்தை என்று வைத்தால் 1,20,000, அதாவது 240 சதவீதம். அதை வெளியே எடுக்காமல் போட்டுக்கொண்டே வந்தால் வருடத்தில் பத்து மடங்கைத் தாண்டும். பெரிய பெரிய ஃபண்ட் மேனேஜர்கள் யாரும் அப்படிச் சம்பாதித்துக் காட்டியதில்லை.

ஐந்து மடங்கு பற்றி ஒன்று. பங்கு ஒரு சதவீதம் இறங்கினால் உங்களுக்கு ஐந்து சதவீதம் நஷ்டம், 2,500 ரூபாய். நாலு சதவீதம் இறங்கினால் 10,000. முன்பெல்லாம் பத்து, இருபது மடங்கு கொடுத்தார்கள், 2021 செப்டம்பரில் சந்தையைக் கண்காணிக்கும் செபி முழுசாக இறுக்கிய பிறகுதான் ஐந்துக்கு வந்தது. அதுவும் எல்லாப் பங்குக்கும் கிடையாது.

செல்வி_மதுரை:

எனக்கு சார்ட் எல்லாம் தெரியாது தம்பி, ஆனால் சீட்டு தெரியும். ஆறாவது மாதமே தள்ளி எடுத்தீர்கள் என்றால் இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டும். தள்ளிலேயே 20,000 விட்டாயிற்று. கழிவு வந்து மாதத் தவணை கொஞ்சம் குறையும், சரி, ஆனாலும் அது கடன்தான், உங்கள் சேமிப்பு இல்லை. அதில் 40,000 தங்கை ஃபீஸுக்கு என்று பெயர் எழுதிவிட்டீர்கள். அப்போது மிச்சம் 10,000 தானே? உங்கள் கேள்வியில் 50,000 எங்கே இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. ஜூனில் காலேஜில் போய் "மார்க்கெட் இறங்கிவிட்டது" என்று சொல்ல முடியாது. ஃபீஸ் பணத்தைத் தனியாக வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நிஃப்டி வாத்தியார்:

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. அதற்கப்புறம், செபி 2024 ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது, இன்ட்ராடே செய்யும் தனிநபர்களைப் பற்றி மட்டும். 2022-23-ல் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நஷ்டம். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 76 சதவீதம் பேருக்கு. வருடத்துக்கு 500 ட்ரேடுக்கு மேல் போட்டவர்களில் 80 சதவீதம். எவ்வளவு அதிகம் போடுகிறோமோ அவ்வளவு தேறுவோம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டம் போக, நஷ்டத் தொகையில் 57 சதவீத அளவுக்குக் கட்டணங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஈரோட்டு அண்ணன் போட்ட கணக்கின் பலன் அதுதான். ஆப்ஷன் பக்கம் போகவே வேண்டாம், அங்கே 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சின்னப் பங்கு ஒன்று காலையில் ரொம்ப ஏறிவிட்டது, இறங்கும் என்று முதலில் விற்றுவிட்டு மாலைக்குள் வாங்கிவிடலாம் என்று ஷார்ட் போடுவார்கள். பங்கு அன்றைக்கு ஏறக்கூடிய உச்ச வரம்பான அப்பர் சர்க்கியூட்டில் போய் உட்கார்ந்துவிடும். வாங்க வரிசை நிற்கும், விற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். சந்தை முடியும் முன் புரோக்கர் தானாகவே கணக்கை முடிக்கும் ஆட்டோ ஸ்கொயர் ஆஃப் போட்டாலும் பங்கு இருந்தால்தானே வாங்க முடியும். உங்களிடம் இல்லாத பங்கை விற்றிருக்கிறீர்கள், டெலிவரி கொடுக்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் அதை ஏலத்தில் வாங்கி எதிராளிக்குக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை உங்கள் தலையில் கட்டும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதே மாதிரி இறங்கும் வரம்பு, லோயர் சர்க்கியூட். வாங்கியதை விற்க முடியாது, முழுப் பணம் கட்டி டெலிவரியாக எடுத்துத்தான் ஆக வேண்டும், ஐந்து மடங்கில் வாங்கியிருந்தால் மீதிப் பணத்துக்கு எங்கே போவது? அதனால் கற்றுக்கொள்வது என்றால்கூட நிஃப்டி 50 என்ற பெரிய கம்பெனிப் பட்டியலுக்குள் இருக்கும் பங்கில், ஒன்று இரண்டு எண்ணிக்கையில், மார்ஜின் இல்லாமல்.

இன்னொன்று, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து சந்தை திறக்கும் 9.15-க்கு உட்காருவது சரிப்படாது தம்பி. முதல் பதினைந்து இருபது நிமிடம்தான் விலை கண்டபடி தாவும். இரவு முழுக்க விழித்த கண்ணோடு அந்த நேரத்தில் ஆர்டர் போட வேண்டாம்.

சேலம் ஸ்கால்ப்பர்:

எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்கள். நான் இன்ட்ராடே செய்கிறேன், இதில் சம்பாதிக்கவே முடியாது என்று சொல்வது சரியில்லை. பத்தில் மூன்று பேர் நஷ்டம் இல்லாமல் வெளியே வருகிறார்கள் என்றும் அந்த ஆய்வைப் படிக்கலாம். ஆனால் தம்பி, முறை இல்லாமல் வந்தால் கஷ்டம். எத்தனை பங்கு வாங்கலாம் என்பதை ஆசை முடிவு பண்ணக்கூடாது, ஸ்டாப் லாஸ்தான், அதாவது நஷ்டத்தை ஏற்று வெளியேற முன்கூட்டியே வைக்கும் விலைதான் முடிவு பண்ண வேண்டும்.

50,000 முதல் என்றால் ஒரு ட்ரேடில் 250-க்கு மேல் இழக்கக்கூடாது என்று வையுங்கள். 500 ரூபாய்ப் பங்கு, ஸ்டாப் லாஸ் 497.50, வித்தியாசம் 2.50. அப்படியானால் 100 பங்குதான். இலக்கு 505. தொகை சின்னது என்பதால் புரோக்கரேஜ் பக்கத்துக்கு 15 என்று வைத்தால், இதற்குச் செலவு சுமார் 53 ரூபாய் வரும். ஜெயித்தால் கையில் 447, தோற்றால் போவது 303. பத்தில் நாலு ஜெயித்தால் வருவது 1,788, ஆறு தோற்றால் போவது 1,818. 30 ரூபாய் கைவிட்டுப் போகும். ஆக பத்தில் குறைந்தது ஐந்து ஜெயிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் 5 ரூபாய் ஏறும் வரை அவசரப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றரை ரூபாய் ஏறியதும் விற்றுவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

ஸ்டாப் லாஸ் ஆர்டர் போடும்போதும் கவனம். ட்ரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 497.50, லிமிட் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) 497.30 என்று எஸ்எல் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள், விலை 497.60-லிருந்து ஒரே தாவில் 496.80-க்குப் போய்விட்டால் ஆர்டர் ட்ரிகர் ஆகும், ஆனால் நிறைவேறாமல் அப்படியே நிற்கும், விலை கீழே போய்க்கொண்டே இருக்கும். லிமிட் இல்லாத எஸ்எல்-எம் போட்டால் கிடைக்கிற விலைக்கு வெளியே வந்துவிடலாம், நஷ்டம் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் லோயர் சர்க்கியூட் இல்லாதவரை மாட்ட மாட்டீர்கள்.

ஈரோடு டெர்மினல்:

சேலத்து நண்பர் சொல்வது சரிதான், ஆனால் அவர் கணக்கு முழுக்க சொந்தப் பணத்தில், மார்ஜின் இல்லாமல் போட்டது. தம்பி அதைக் கவனிக்க வேண்டும். இழந்தாலும் வீட்டில் ஒன்றும் நிற்காது என்ற பணம் இருப்பவருக்கான கணக்கு அது.

டெலிகிராம் குரூப்பை இன்றே விட்டு வெளியே வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு பங்கு சொல்ல வேண்டுமானால் செபியில் ரிசர்ச் அனலிஸ்டாகவோ முதலீட்டு ஆலோசகராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ஐஎன்எச் அல்லது ஐஎன்ஏ என்று தொடங்கும், செபி தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவு செய்தவரும் "கட்டாயம் லாபம்" என்று சொல்லக்கூடாது. மாதம் 3,000 என்றால் அதுவே உங்கள் 50,000-க்கு ஆறு சதவீதம். அடுத்த கட்டமாக ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அதில் லாபம் லட்சக்கணக்கில் ஏறும், எடுக்கப் போனால் "வரி கட்டு, அப்புறம் எடு" என்பார்கள். அந்த மாதிரி யாரிடமாவது பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை_திருச்சி:

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆடிட்டர் ஆபீஸில் இருப்பதால் சொல்கிறேன். இன்ட்ராடே லாபம் மூலதன ஆதாயம் இல்லை, ஸ்பெகுலேஷன் வியாபார வருமானம். சம்பளத்தோடு சேர்த்து உங்கள் வருமான வரி ஸ்லாபில் வரும். இதுவரை ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் ஃபாரம் போட்டிருந்தால் இனி ஐடிஆர்-3 போட வேண்டும், பல பேருக்கு அந்த ஃபாரத்துக்கே ஆடிட்டருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, இன்னொரு இன்ட்ராடே லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். நாலு வருடம் எடுத்துச் செல்லலாம், அதுவும் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்.

டெலிவரி எடுத்து ஒரு வருடத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம், 2024 ஜூலை 23-லிருந்து 20 சதவீதம், முன்பு 15 ஆக இருந்தது. புது வரி முறையில் 12 லட்சம் வரை ரிபேட் (வரித் தள்ளுபடி) கிடைத்தாலும் இந்த 20 சதவீதத்துக்கு அந்த ரிபேட் பொருந்தாது. "எனக்குத்தான் வரியே இல்லையே" என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஒண்டிப்புதூர் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செல்வி அக்கா சொன்ன பிறகுதான் அந்தக் கோணத்தில் யோசித்தேன். 40,000-ஐத் தனியாக எடுத்துவிடுகிறேன். குரூப்பிலிருந்தும் வந்துவிட்டேன். இரண்டு சந்தேகம். மீதி 10,000-ல் நாலு நாள் வைத்து விற்கிற மாதிரி கற்றுக்கொள்ளலாமா? 40,000-ஐ ஜூன் வரை எங்கே போடுவது, லிக்விட் ஃபண்ட் என்கிறார்களே, நினைத்தால் உடனே எடுக்க முடியுமா?

நிஃப்டி வாத்தியார்:

10,000-ல் டெலிவரியாகச் செய்யுங்கள், நல்லது. திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, தூங்கி எழுந்து பார்த்தால் போதும். ஆனால் இரவு வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது, மறுநாள் ஓட்டு எண்ணும்போது ஆறு சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. சொந்தப் பணத்தில் 10,000-க்கு வாங்கியவருக்கு அன்று 600 போயிருக்கும். ஐந்து மடங்கு வாங்கியிருந்தால் 3,000. எதற்கு வாங்கினீர்கள், எந்த விலையில் விற்பதாக நினைத்தீர்கள், கடைசியில் எதற்கு விற்றீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாதம் முடிந்ததும் கான்ட்ராக்ட் நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெலிவரிக்கு எஸ்டிடி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், விற்கும்போது டீமேட் கட்டணம் வேறு, அதனால் சின்னத் தொகையில் அடிக்கடி வாங்கி விற்றால் இங்கேயும் செலவு தின்னும்.

செல்வி_மதுரை:

லிக்விட் ஃபண்ட் நான் வைத்திருக்கிறேன் தம்பி. 91 நாளைக்குள் முதிர்கிற பத்திரங்களில்தான் போடுவார்கள், பங்கு இல்லை. வங்கி எஃப்டியை ஒட்டித்தான் கிடைக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஆறு நாளைக்குள் எடுத்தால் எக்சிட் லோடு என்று துளிக் கட்டணம் பிடிப்பார்கள், ஏழாவது நாளிலிருந்து கிடையாது. வேலை நாளில் மதியம் 3 மணிக்கு முன் எடுக்கச் சொன்னால் அடுத்த வேலை நாள் வங்கிக்கு வந்துவிடும். உடனடி வசதி இருக்கும் ஃபண்டில் நாளுக்கு 50,000 அல்லது உங்கள் தொகையில் 90 சதவீதம், எது குறைவோ அது சில நிமிடத்தில் வரும், ராத்திரி என்றாலும். உங்கள் 40,000-க்கு அப்படி 36,000 உடனே எடுக்கலாம், மீதி மறுநாள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், நடுவில் சனி ஞாயிறு வந்துவிடப் போகிறது.