புதுப்பிப்பு: தாவர ஒவ்வாமைக்கான பேட்ச் டெஸ்ட் முடிவு

தோட்ட வேலை செய்த ஓரிரு நாளில் விரல் நுனிகளிலும் கண்ணிமைகளிலும் அரிப்புடன் தடிப்பு வருவதையும், ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை என்பதையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது, ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் முடிந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. அது தேடியது, உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருளை. என்னுடையதோ, டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் வழியாகத் தாமதமாக வெளிப்படும் தொடு ஒவ்வாமை.

திங்களன்று மேல்முதுகில் சிறு வட்டங்களாக அந்தப் பொருட்களை ஒட்டினார்கள். குளிக்காமல், வியர்க்காமல் 48 மணி நேரம் காப்பதுதான் பெரும்பாடு. புதனன்று பிரித்தபோது ஓரிடத்தில் லேசான சிவப்பு மட்டுமே இருந்தது. வெள்ளியன்று மீண்டும் பார்த்தபோது, செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற தாவர வேதிப்பொருட்களின் கலவை வைத்த அதே வட்டத்தில் தோல் தடித்து, ஊசிமுனை அளவில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. இரண்டாம் முறை போகாதிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

இந்த வேதிப்பொருட்கள் சாமந்தி, பார்த்தீனியம் போன்ற சூரியகாந்திக் குடும்பச் செடிகளில் உள்ளவை. வாடிய சாமந்திப் பூக்களை வெறுங்கையால் கிள்ளி, அதே கையால் கண்ணைத் தேய்த்தது நான்தான்.

இலையை நேரடியாகத் தோலில் ஒட்டிச் சோதிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சில செடிகளின் சாறு ஒவ்வாமை இல்லாதவரின் தோலையும் புண்ணாக்கும் என்பதால் முடிவை நம்ப முடியாது. அதைவிட மோசம், இல்லாத ஒவ்வாமையை அந்தச் சோதனையே புதிதாக உண்டாக்கிவிடலாம். சாமந்தித் தொட்டிகளை நேற்று கொடுத்துவிட்டேன்.