இயந்திரம் தவறவிட்டால் பொறுப்பாளி யார்?

இரவுப்பணித் தாதி:
அஸ்ஸலாமு அலைக்கும். செப்ஸிஸ் எனும் இரத்த நச்சேற்றத்தை முன்கூட்டியே கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எங்கள் மருத்துவமனையில் நிறுவப்போகிறார்கள். நோயாளி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கணினியிடம் கைமாற்றுவது ஆகுமானதன்று என்றே நான் கருதுகிறேன்.

ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) மாணவன்:
வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று. முப்பது நோயாளிகளை இரண்டு தாதியர் பார்த்துக்கொள்ளும் இரவில், இன்னாருடைய நிலை மோசமாகிறது என்று அறிவிக்கும் கருவியை மறுப்பதுதான் அமானிதத்துக்கு மாறு செய்வதாகும். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக, பள்ளிவாசலில், காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கவைத்தார்கள். அந்த நெருக்கமான கவனிப்புக்குத்தான் இக்கருவியும் துணைசெய்கிறது.

இரவுப்பணித் தாதி:
சகோதரரே, நீங்கள் சொன்ன அந்த நெருக்கத்தைத்தான் கருவி குறைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய எபிக் என்னும் மருத்துவ மென்பொருள் நிறுவனத்தின் செப்ஸிஸ் கணிப்பு மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, அது செப்ஸிஸ் கண்டவர்களில் 67 விழுக்காட்டினரைத் தவறவிட்டது; அதே வேளையில், மருத்துவமனைச் சேர்க்கைகளில் 18 விழுக்காட்டுக்கு எச்சரிக்கை மணியும் அடித்தது. ஓயாத மணியோசைக்குக் காது பழகிவிடும்; மணி அடிக்காத கட்டிலின் பக்கம் கால் போகாது. மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் ஹதீஸ் உள்ளது. மென்பொருளுக்கு நிய்யத்தும் (மனத்தின் எண்ணமும்) இல்லை, மறுமைக் கேள்வியும் இல்லை. அப்படியானால் அந்தப் பொறுப்பு யார் தலையில் விழும்?

ஃபிக்ஹ் மாணவன்:
அந்த ஹதீஸ் உங்களைவிடக் கருவியை வாங்கியவர்களுக்கே அதிகம் பொருந்தும் என்பேன். உங்களுக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்பற்றாதீர்கள் என்கிறது குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம். தம் நோயாளிகளிடம் சோதித்துப் பாராமலே கருவியை வார்டில் வைக்கும் நிர்வாகம் அந்த வசனத்துக்கு மாறாகவே நடக்கிறது. சோதித்து வைத்த பிறகு, முறைப்படி கடமையாற்றிய தாதிமீது குற்றமில்லை. ஆனாலும் கருவியே ஆகாது என்னும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவுப்பணித் தாதி:
சோதனை முடிவை எங்களுக்குக் காட்டட்டும். எச்சரிக்கை வராத நோயாளியையும் முன்போலவே சுற்றிப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கமாட்டோம் என்று எழுத்தில் தரட்டும். இவ்விரண்டும் கிடைத்தால் மறுபரிசீலனை செய்வேன். கருவியைக் காட்டி இரண்டு தாதியரை ஒருவராக்கினால், அந்த இரவுக்கு நான் பொறுப்பேற்கமாட்டேன்.