பாசிதான் தலைப்பிரட்டைக்கு உணவென்றால், உரநீர் தவளைகளுக்குத் தீங்காவது ஏன்?

கேள்வி:
உரம் கலந்த நீர் வந்து சேரும் குளங்களில் பாசி பெருகுகிறது. தலைப்பிரட்டைகள் பெரும்பாலும் பாசியை மேய்ந்தே வளர்கின்றன. அப்படியிருக்க, நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுவது அவற்றுக்கு நன்மையாக அல்லவா முடிய வேண்டும்?

மறுமொழி 1:
தங்கள் ஐயம் நியாயமானதே. பாசி மிகுந்த குளத்தில் தலைப்பிரட்டைகள் கொழுத்து வளர்வதும் உண்டு. ஆனால் கரைந்த நைட்ரஜன் நைட்ரேட்டாக மட்டும் இருப்பதில்லை. அதைவிடக் கொடிய நைட்ரைட், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைச் சுமக்க இயலாததாக மாற்றிவிடுகிறது. அம்மோனியாவின் செயல் இன்னும் நுட்பமானது: பகலில் பாசி ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்கிறது, அது உயர உயர, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் அயனி நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. இரவில் அதே பாசி சுவாசிப்பதாலும், மடிந்த பாசியை நுண்ணுயிரிகள் சிதைப்பதாலும் ஆக்சிஜன் குறைகிறது. உணவாக இருப்பதே பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் பகையாகிவிடுகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒட்டுண்ணிகளையும் சேர்க்க வேண்டும். என் பார்வையில் இதுவே வலுவான சான்று. 1995இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பள்ளி மாணவர்கள் உருக்குலைந்த தவளைகளைக் கண்டது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வட அமெரிக்கத் தவளைகளில் கூடுதல் கால்கள் முளைப்பதற்கு ரிபெய்ரோயியா என்னும் தட்டைப்புழு முக்கியக் காரணம் எனப் பின்னர் தெளிவானது. நீர்ப்பறவைகளின் எச்சத்தோடு நீரில் சேரும் அதன் முட்டையிலிருந்து வரும் இளம்புழு முதலில் நன்னீர் நத்தைக்குள் பெருகி, பிறகு வெளியேறித் தலைப்பிரட்டையின் கால்மொட்டுகளைத் துளைத்துப் புகுகிறது. சூழலியலாளர் பீட்டர் ஜான்சனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஊட்டச்சத்து சேர்த்த நீரில் பாசி பெருகி, அதை உண்ணும் நத்தைகள் பெருகியதோடு, ஒவ்வொரு நத்தையும் வெளியிடும் புழுக்களும் கூடின.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கால் இல்லாத தவளைகளுக்கும் இப்புழுதான் காரணமா?

மறுமொழி 2:
எப்போதும் அப்படிக் கூற இயலாது. தலைப்பிரட்டையின் காலைத் தும்பியின் இளம்பூச்சி கடித்துத் துண்டித்தாலும் அக்குறை ஏற்படும். ஆகவே கால் இல்லாத தவளையைக் கண்டதும் உரத்தைக் குறை கூறிவிட முடியாது. கூடுதல் கால்களோடு நத்தைகளும் மிகுந்திருக்கும் குளத்தில்தான் ஐயம் வலுப்பெறும்.