கலைச்சொல்: 'ப்ராப்ளமேட்டிக் ஃபிரேம்' – சிக்கல் சட்டகம் வேண்டாமே

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. ஜாவா நிரல் ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து சி நிரலைக் கூப்பிடும் இணைப்பு) வழியாக ஒரு சி நூலகத்தைக் கூப்பிட்டு, ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் பொறி) மொத்தமாகச் சாயும்போது எழுதி வைக்கிற ஹெச்எஸ்-எர்-பிட் என்ற பிழை அறிக்கைக் கோப்பைத் தமிழாக்குகிறோம். எக்செப்ஷன் 'விதிவிலக்கு', பிடித்துச் சமாளிக்கலாம். கிராஷ் 'முறிவு', அதைப் பிடிக்க முடியாது. இதில் தகராறு இல்லை. இடிப்பது ஒரே வரி: ப்ராப்ளமேட்டிக் ஃபிரேம். வரைவில் 'சிக்கல் சட்டகம்' என்று இருக்கிறது. (ஃபிரேம், அதாவது சட்டகம்: நடந்துகொண்டிருக்கும் ஒரு செயற்கூற்று அழைப்புக்கு அடுக்கில் உள்ள பகுதி.)

ஆங்கிலப் பெயரே ஆளைத் தப்பு வழியில் அனுப்புகிறது. அந்த வரி சொல்வது, முறிவைச் சொல்லும் சிக்னல் இயங்குதளத்திலிருந்து வந்த நொடியில், முறிந்த இழை (த்ரெட்) எந்தச் சட்டகத்தில் இருந்தது என்பதை மட்டும்தான். பிழை அங்கேதான் என்று சொல்லவில்லை. 'விழுசட்டகம்' சரிப்படுமா?

சென்னிமலையிலிருந்து:

> 'விழுசட்டகம்' சரிப்படுமா?

ஏனுங்கண்ணா, தறி ஓடுற ஊர்ல இதைச் சொன்னா அச்சு, விழுதுன்னு வரிசையாத்தான் நினைப்பு ஓடும். 'அறுசட்டகம்' என்று மாற்றினால் மீதி அஞ்சு எங்கே என்பார்கள்.

ஆனால் 'சிக்கல்' கூடாது என்பது சரி. நூலில் சிக்கல் என்றால் முடிச்சு விழுந்த இடமே அதுதான். பிரிக்க அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். அதே சமயம், வரியின் தலையில் பெரிய சி எழுத்தும் (ஜாவா அல்லாத நூலகம் என்பதன் குறி) நம் நூலகத்தின் பெயரும் இருந்தால் பெரும்பாலும் பிழையும் அங்கேதானே இருக்கும்?

ஈரோட்டிலிருந்து:

நல் (எங்கும் காட்டாத வெற்று) சுட்டியைத் தொட்டு உடனே விழுந்தால் சரிங்க. நினைவகத்தைக் கெடுத்துவிட்டு நகர்ந்துபோகும் பிழைக்கு அது பொருந்தாது.

உதாரணத்துக்கு, 1000 எண் கொண்ட ஓர் இன்ட் (4 பைட் முழு எண்) அணி. கெட்-பிரிமிட்டிவ்-அரே-கிரிட்டிக்கல் என்ற ஜேஎன்ஐ அழைப்பு வாங்கித் தரும் சுட்டி பெரும்பாலும் நேராக ஜாவா ஹீப்புக்குள்ளேயே (ஜாவா பொருள்கள் இருக்கும் நினைவகம்) போகும். லூப்பில் 'குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதியாச்சு. வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில் அணியின் தலைப்பு 16 பைட், எண்கள் 4000. மொத்தம் 4016. ஒவ்வொரு பொருளும் எட்டு பைட் எல்லையில் தொடங்கும், 4016 எட்டால் மீதியின்றி வகுபடும். இடைவெளியே கிடையாது. கூடுதலாக எழுதிய 4 பைட் அடுத்த பொருளின் தலைப்பில் ஏறி உட்காரும். அணி 1001 எண்ணாக இருந்திருந்தால் கடைசியில் வரும் 4 பைட் நிரப்பு அதை விழுங்கிவிடும், பிழை இருப்பதே தெரியாது!

எழுதிய நொடியில் ஒன்றும் ஆகாது. பின்னால் ஜிசி (ஜேவிஎம்மின் குப்பை சேகரிப்பு) அந்தப் பொருளைத் தொடும்போது ஜிசி இழை முறியும். கோப்பில் பெரிய வி எழுத்து, லிப்ஜேவிஎம் என்று ஜேவிஎம்மின் சொந்த நூலகம்தான் வரும். படிப்பவர் ஜேடிகே (ஜாவா தொகுப்பு) பதிப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். 'சிக்கல்' அங்கே என்று நாம்தானே சொன்னோம்.

எக்ஸ்-செக்-ஜேஎன்ஐ விருப்பத்தோடு ஓட்டினால் அணியின் நகலை இரு பக்கமும் காவல் பைட் வைத்துக் கொடுக்கும். திருப்பித் தரும் ரிலீஸ் அழைப்பில் காவல் பைட் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்தும். ஜிசி வரைக்கும் போகாது. மாலக்கில் (சி-யின் நினைவக ஒதுக்கீடு) வாங்கிய இடத்தை மீறினால் இதற்குத் தெரியாது. அதற்கு அட்ரஸ்-சானிட்டைசர் என்ற நினைவகச் சோதனைக் கருவி வேண்டும், அதன் ஹேண்டில்-செக்வி விருப்பத்தைப் பூச்சியம் என்று வைத்து. ஜேவிஎம் நல் சோதனைக்கே சிக்செக்வியை (தவறான நினைவக அணுகலுக்கு வரும் சிக்னல்) பயன்படுத்துகிறது, அதன் கையாளியைப் பறிக்கக் கூடாது. ஜிடிபி என்ற பிழைத்திருத்தியிலும் அதே கதை: சிக்செக்விக்கு நோஸ்டாப், நோபிரிண்ட், பாஸ் கொடுங்க. உண்மையான முறிவு என்றால் ஜேவிஎம் கோப்பை எழுதிவிட்டு அபார்ட் (தன்னையே நிறுத்தும் அழைப்பு) கூப்பிடும், அப்போது ஜிடிபி நிற்கும்.

ஆக, வேலையே விழுந்த இடத்தைக் கெட்ட இடத்துக்குப் பக்கத்தில் இழுத்து வருவதுதான். அதற்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்: முறிவிடம், பழுதிடம்.

கோவையிலிருந்து:

'முறிவிடம்' பிடித்திருக்கிறது. சட்டகம் தொலைந்துபோகிறதே என்று முதலில் தோன்றியது. கீழே அடுக்குப் பட்டியலில் அது வரத்தான் போகிறது, விட்டுவிடலாம். இன்னொன்று: நூலகப் பெயருக்குப் பின் வரும் ஆஃப்செட்டை (நூலகத்தின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு) அட்ரஸ்-டூ-லைன் கருவிக்குக் கொடுத்தால் கிடைக்கும் கோப்புப் பெயரும் வரி எண்ணும் முறிவிடத்துக்கு உரியவையே. இதையும் வழிகாட்டியில் எழுத வேண்டும். அதே பில்டின் எஸ்ஓ (நூலகக்) கோப்பு, பிழைத்திருத்தத் தகவலோடு இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் வரும்.

சென்னிமலையிலிருந்து:

எனக்கும் சம்மதமுங்க. ஆனால் 'பழுதிடம்' ஹெச்எஸ்-எர்-பிட் கோப்பில் எங்கேயும் வராது, ஜேவிஎம்முக்கு அது தெரியவே தெரியாது. மொழிபெயர்ப்புச் சரங்களில் 'முறிவிடம்' மட்டும் போடுங்க, 'பழுதிடம்' வழிகாட்டிக்கு.