'ஓப்பன் ஷேட்' – தமிழில் என்ன வைக்கலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ம.செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

மாலைநேர வகுப்புக்கான ஒளிப்படக் கையேட்டில் 'வெளியிடத்தில் ஜோடிகளும் குடும்பங்களும்' என்ற பாடம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. மற்ற சொற்கள் ஒருவழியாக அமைந்துவிட்டன. 'ஓப்பன் ஷேட்' மட்டும் இடிக்கிறது. வரைவில் இருக்கும் 'திறந்த நிழல்' மாணவர்களுக்குப் பிடிபடவில்லை.

பொருள் இதுதான்: ஆள்மேல் நேர்வெயில் விழக்கூடாது, ஆனால் முகத்துக்கு எதிரே வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். மதிலோரம், மண்டப முகப்பு, திண்ணை, மேம்பாலத்தடி எதுவானாலும் சரி. உச்சிவெயிலில் மணமக்களை நிறுத்த வேறு இடம் கிடையாது என்பதால் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சுருக்கமாக, உருபு ஏற்கும்படி ஒரு பெயர் வேண்டும்.

தி.வே. எழுதியது:

அன்பின் ம.செ.,

'வானிழல்' என்று வையுங்கள். வான் + நிழல். 'குறிலணைவில்லா ணனக்கள்' என்ற நன்னூல் நூற்பாப்படி நகரம் திரியும், நிலைமொழி னகரம் கெடும். வான் + நிலை வானிலை ஆனதும் இதே விதியால்தான். வானை நோக்கிய நிழல் என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரியும். நான்கே எழுத்து, வானிழலில், வானிழலுக்கு, வானிழற்படம் என்று எல்லாம் வரும்.

ஞா. எழுதியது:

ஐயா, விதி சரி. படிக்கிற பையன் 'வான் + இழல்' என்று பிரித்து, 'இழல்' என்றால் என்ன என்றுதான் தேடுவான். 'வானிலை'யை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது செய்தியில் நாள்தோறும் கேட்டுப் பழகியது.

இன்னொன்று. மரநிழல், குடைநிழல், கோபுரநிழல் எல்லாவற்றிலும் முதலில் நிற்பது நிழலைத் தருகிற பொருள். அந்த வரிசையில் வானிழல் என்றால் வானம் நிழல் தருகிறது என்றாகும். இங்கே வானம் தருவது வெளிச்சத்தை.

ஸ்டூடியோவில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. 'ஷேடுல நிக்க வை, மூஞ்சிய வெளிப்பக்கம் திருப்பு' என்பார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் சொல் சுமக்க வேண்டும். நிழல் எங்கும் கிடைக்கும், தவறு நடப்பது முகம் பார்க்கும் திசையில்தான். எங்கெங்கே கெடும் என்று பாடத்தில் இருக்க வேண்டியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்லை எடைபோட அது உதவும்.

ஜோடியை நிழலின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நிறுத்த வேண்டும். விளிம்பிலேயே நின்றால் ஒருவர் மூக்கிலோ தோளிலோ வெயில் ஒரு கோடாக விழும், பட்டுச்சேலையின் ஜரிகை வெளுத்து விவரமே இல்லாமல் போகும். பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே போய்விட்டால் வெளிச்சம் சரசரவென்று குறையும். கண்மணியில் தெரியும் வானத்தின் வெள்ளைத் துண்டும் சுருங்கிப் பார்வை செத்துவிடும்.

வானம் எதிரே திறந்திருப்பது வேறு, தலைக்கு நேரே திறந்திருப்பது வேறு. உயரமான மதிலோரம் நிழல் இருக்கும், ஆனால் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்து இறங்கும். நெற்றி பளபளக்கும், கண்குழி கறுக்கும். மேலே கூரை இருந்து எதிரே வெளி இருந்தால் அதே முகம் தெளிந்து வரும். மதிலோரம்தான் கதி என்றால் ஜோடியின் முகவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, நாம் அரையடி மேலிருந்து எடுக்க வேண்டும்.

முன்னால் உள்ள தரையையும் பார்க்க வேண்டும். வெயில் விழும் சிமெண்டுத் தளமோ கடற்கரை மணலோ இருந்தால் காசில்லாத ரிஃப்ளெக்டர், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும். செம்மண் என்றால் முகவாய்க்கு அடியில் சிவப்பு ஏறும். புல்வெளி என்றால் பச்சை. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் காலரில் முதலில் தெரியும்.

அளவு: முழு வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 16, ஷட்டர் 1/ஐஎஸ்ஓ என்ற பழைய விதியில் இந்த நிழலுக்கு எஃப் 4, அதாவது நான்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 வைத்தால் எஃப் 5.6-க்கு 1/200 நொடி. இரண்டு வரிசைக் குடும்பத்துக்கு எஃப் 5.6-க்குக் கீழே இறங்கக்கூடாது, பின்வரிசை மங்கிவிடும். குழந்தை ஓடுகிறதென்றால் 1/500, ஐஎஸ்ஓ 1000. இந்த நான்கு ஸ்டாப்தான் பின்னணியையும் கெடுக்கிறது. பின்னால் வெயிலில் கிடக்கும் வயலோ தெருவோ இருந்தால் முகத்துக்கு அளவு வைக்கும்போது அது வெறும் வெள்ளையாகிவிடும். பின்னணியும் நிழலில் இருக்கிற கோணத்தைத் தேட வேண்டும்.

நிறம்: நீலவானம்தான் இங்கே விளக்கு, ஆகவே ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன்) 7000 முதல் 8000 கெல்வின். பகல் அளவான 5500-இல் விட்டால் வேட்டி நீலம் போட்டதுபோல் இருக்கும்.

கு.ப. எழுதியது:

'வடநிழல்' எப்படி? ஓவியர்கள் வடக்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே உட்கார்ந்துதான் முகம் வரைந்தார்கள். ஒளிப்பட நூல்களும் 'கட்டடத்தின் வடபுறம் போ' என்றே சொல்கின்றன. திசையே பெயரில் இருந்தால் மாணவர் இடம் தேட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து சி.:

வணக்கம். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். அங்கே சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கால்தான் போகும். எங்கள் பக்கம் அப்படியில்லை. யாழ்ப்பாணம், மதுரை, சென்னை எல்லாமே கடகரேகைக்குக் கீழே. ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். வைகாசிக் கலியாணத்துக்கு மத்தியானம் மண்டபத்தின் வடக்குச் சுவரோரம் சோடியை நிறுத்தினால் முழு வெயில் தலையில் இறங்கும். நிழல் தென்புறம்தான், அதுவும் ஒரு சாண். அந்த மாதங்களில் உச்சிவேளைக்குச் சுவரை நம்பக்கூடாது, கூரையைத்தான் நம்ப வேண்டும். சொல் எதுவானாலும் கையேட்டில் 'வடபுறம்' என்று எங்கேயாவது மொழிபெயர்த்திருந்தால் தயவுசெய்து திருத்துங்கள்.

என் முன்மொழிவு 'விறாந்தை நிழல்'. கமரா பிடிக்கிற எவருக்கும் உடனே விளங்கும். மேலே கூரை, எதிரே வெளி, ஞா. கேட்ட இரண்டும் அதில் இருக்கிறது.

ம.செ. எழுதியது:

சி. அவர்களுக்கு நன்றி. வரைவில் மூன்றாம் பக்கத்தில் 'வடபுறச் சுவர்' இருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன்.

விறாந்தை இந்தப் பக்கம் புரியாது. அதையே 'திண்ணை நிழல்' என்றால்?

தி.வே. எழுதியது:

> வானம் தருவது வெளிச்சத்தை.

ஞா. வாயாலேயே வந்துவிட்டது. தமிழில் நிழலுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு. தமிழ் லெக்சிகனில் பாருங்கள். கண்ணாடியை அகநானூறு 'நிழல்காண் மண்டிலம்' என்கிறது (71). அதில் ஊதிய ஆவி மெல்ல மெல்லச் சுருங்குவதுபோல என்பது உவமை. அங்கே நிழல் இருட்டன்று, உருவம், பிம்பம். இருளும் ஒளியும் ஒரே சொல்லில் நிற்கும் மொழி நம்முடையது. ஆகவே வானிழல் என்றால் வானத்தின் ஒளி, வானை நோக்கிய நிழல் இரண்டும் ஆகும். இந்த நுட்பம் ஆங்கிலச் சொல்லில்கூட இல்லை.

'நிழற்படம்' என்று ஆக்கியவர்கள் இதை உணர்ந்தே ஆக்கியிருக்க வேண்டும். அதைக் கைவிட்டுப் 'புகைப்படம்' என்று நாடே எழுதுகிறது. படத்தில் புகை எங்கே?

கு.ப. எழுதியது:

புகை எங்கே என்று எத்தனை பேர் கேட்டும் 'புகைப்படம்' அசையவில்லை, 'ஒளிப்படம்' நம்மைப் போன்றவர்கள் எழுத்தில்தான் வாழ்கிறது. பொருத்தம் பார்த்துச் சொல் நிலைப்பதில்லை, புழங்கினால் நிலைக்கும். வடநிழலை விட்டுவிடுகிறேன், சி. சொன்னபிறகு அதற்கு இடமில்லை. 'ஓப்பன் ஷேட்' என்றே எழுதிவிட்டால் என்ன? கேமரா, லென்ஸ், ஷட்டர் எல்லாவற்றையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

தி.வே. எழுதியது:

கேமரா, லென்ஸ் கருவிகள். வெளியிலிருந்து வந்தவை, பெயரோடு வந்தன. நிழல் நம் முற்றத்தில் கிடக்கிறது. அதற்கும் கடன் வாங்க வேண்டுமா?

ஞா. எழுதியது:

அதில் தி.வே. ஐயாவோடு உடன்படுகிறேன். நிழலுக்குத் தமிழில் சொல் வேண்டும். ஆனால் நிழல் என்றால் ஒளி என்று வகுப்பில் சொல்ல முடியாது ஐயா. அடுத்த வரியிலேயே 'நிழல் விழாமல் பார்த்துக்கொள்' என்று எழுத வேண்டியிருக்கிறது.

திண்ணை நிழல் எனக்குப் பிடித்திருக்கிறது. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் ஜோடியை உட்கார வைத்தால் இந்தப் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்: கூரை, எதிரே தெரு, வெயிலில் வெளுத்த தரை. ஆனால் பாறை மறைவிலும் படகின் மறைவிலும் எடுப்பதைத் திண்ணை நிழல் என்றால் சிரிப்பார்கள்.

என் ஓட்டு 'வெளிநிழல்'. வெளிப்பக்கம் திரும்பு என்று வாயில் வருகிற அதே வெளி.

இயற்பியல் ஆசிரியர் இரா.:

ஒரு தடை. கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று இரண்டு இருக்கின்றன. புறமும் வெளியும் ஒன்றே. பள்ளியில் புறநிழல் படித்துவிட்டு வருகிறவருக்கு வெளிநிழல் குழப்பாதா?

கூடவே ஒன்று: மரத்தடியில் தரையில் விழும் வெயில் வட்டங்களுக்கும் பெயர் வையுங்கள். இலை இடுக்குகள் ஊசித்துளை கேமராவாக வேலை செய்து விழுத்தும் சூரியனின் பிம்பங்கள் அவை; சூரியகிரகணத்தன்று எல்லாம் பிறையாகிவிடும். குடும்பப் படத்தில் முகத்தில் விழுந்தால் தேமல் மாதிரித் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஞா. எழுதியது:

ஆமாம், பிறகு கணினியில் தடவியும் போகாது. வெளிச்ச வட்டம் முகத்தைவிட மூன்று நான்கு ஸ்டாப் கூடுதல். 'பொட்டு வெயில்' என்று போடலாம். வேம்பு, புளி போன்ற சிற்றிலை மரங்களடியில் இது மோசம். ஆலமரத்தடியில் பொட்டு குறைவு, ஆனால் அடர்த்தியால் வெளிச்சம் பச்சையாக மேலிருந்து மட்டும் கசியும். ஆகவே மரத்தடி நிழல் வெளிநிழல் ஆகாது. மரத்தின் விளிம்புக்கு வந்து வெளியைப் பார்த்து நின்றால்தான் ஆகும். புறநிழல் வானியலில் இருக்கட்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கப் போவதில்லை.

தி.வே. எழுதியது:

இப்போது உங்கள் விதியை உங்கள் சொல்லுக்கே வைத்துப் பாருங்கள். வெளியா நிழல் தருகிறது? இல்லை. அப்படியானால் கேட்பவர் 'வெளியில் உள்ள நிழல்' என்று ஏழாம் வேற்றுமைத் தொகையாகத்தான் விரிப்பார். வெளியில் உள்ள நிழலில் முதலாவது மரத்தடி நிழல். நீங்கள் ஆகாது என்று விலக்கிய அதையே சொல் உள்ளே அழைத்துக்கொள்கிறது.

சி. எழுதியது:

இது நியாயமான தடை. வேற்று விடை என்னிடம் இல்லை. ஆனாலும் இருப்பதற்குள் வெளிநிழல்தான் ஓசையாலும் நெருக்கத்தாலும் நிற்கும் போலிருக்கிறது.

ம.செ. எழுதியது:

நாளை காலை கோப்பு போகிறது. ஞா., சி., கு.ப. மூவரும் வெளிநிழல் பக்கம்; இரா. எதிர்ப்பைத் தளர்த்திக்கொண்டதாக எனக்குத் தனியே எழுதினார். ஆகவே வெளிநிழல்.

தி.வே. ஐயாவின் தடைக்குப் பதில் இல்லாததால் முதல் வரவிலேயே கட்டம் கட்டிப் பொருள் தருகிறேன்: 'வெளிநிழல்: வெயில் படாமல், முகத்துக்கு எதிரே வானம் திறந்திருக்கும் நிழல். அடர்ந்த மரத்தடி வெளிநிழல் அன்று.' கூரை உள்ள வகைக்குத் 'திண்ணை நிழல்' உட்பிரிவு. இலங்கை மாணவர்களுக்கு அதே இடத்தில் 'விறாந்தை' என்றும் சேர்க்கிறேன். பொட்டு வெயிலும் உள்ளே போகிறது.

தி.வே. எழுதியது:

'அன்று' என்று ஒரு வரி எழுதித்தான் சொல்லைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துவைக்கிறேன். என் மாறுபாடு அப்படியே இருக்கிறது. பொருளடைவில் 'வானிழல், காண்க: வெளிநிழல்' என்று ஒரு வரி இடம் தர முடியுமா?

ம.செ. எழுதியது:

தருகிறேன் ஐயா. 'வ' வரிசையில் இடம் இருக்கிறது.